பவர் சப்ளையிடம் பேசுவது எப்படி? லேப் கருவிகளின் பொதுமொழி 'ஸ்கிப்பி' பற்றி ஒரு விளக்கம்

ஒரு செய்திக்காக ஒரு சோதனைக்கூடத்தின் சிஎஸ்வி ஃபைல் என் கைக்கு வந்தது. சென்சார் போர்டுகளுக்கு மின்சாரம் கொடுத்துச் சோதித்த பதிவு அது. வோல்டேஜ் என்ற நெடுவரிசையில் மேலிருந்து கீழ்வரை 3.300, 3.300, 3.300. ஒரு வரியில்கூட 3.299 இல்லை, 3.301 இல்லை.

டேட்டாவோடு புழங்குகிற யாருக்கும் இது உறுத்தும். நிஜத்தில் அளந்த எண் இவ்வளவு சுத்தமாக இருக்காது. யாரோ ஏமாற்றுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். விசாரித்தால், யாரும் ஏமாற்றவில்லை. பவர் சப்ளைக்கு அனுப்பிய கட்டளையில் ஒரு சொல் விட்டுப்போயிருந்தது. 'வெளியே எவ்வளவு வோல்ட் வருகிறது?' என்று கேட்பதற்குப் பதிலாக, 'நான் உன்னிடம் எவ்வளவு வைக்கச் சொன்னேன்?' என்று ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்கிறார்கள். கருவியும் நேர்மையாக, சொன்னதையே திருப்பிச் சொல்லியிருக்கிறது.

அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒரு முழு மொழி இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரிலோ நொய்டாவிலோ பெங்களூரிலோ எலக்ட்ரானிக்ஸ் சோதனை வேலையில் இருப்பவர் என்றால் நீங்கள் அதைத் தினமும் தொடுகிறீர்கள். சாஃப்ட்வேர் பக்கத்திலிருந்து ஹார்டுவேர் பக்கம் போக நினைப்பவர் என்றால், முதல் வாரத்திலேயே அதைச் சந்திப்பீர்கள்.

ஒரு சின்னக் குறிப்பு: கட்டளைகளை இங்கே உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கருவிக்கு அனுப்பும்போது ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

காலேஜ் ஆர்பிஎஸ்ஸும் இதுவும் ஒன்றுதானா?

வேலை ஒன்றுதான். இன்ஜினியரிங் காலேஜ் லேபில் பார்த்த ஆர்பிஎஸ் ஞாபகம் இருக்கும்: 0 முதல் 30 வோல்ட், இரண்டு குமிழ், சிவப்பு கறுப்பு முனைகள். குமிழைத் திருகினால் வோல்டேஜ் ஏறும். ஒரு பிரெட்போர்டுக்கு அது போதும். ஆனால் ஒரு நாளைக்கு ஐந்நூறு போர்டு சோதிக்கணும், ஒவ்வொன்றுக்கும் 3.0, 3.3, 3.6 என மூன்று நிலையில் மின்சாரம் கொடுத்து, எவ்வளவு ஆம்பியர் இழுக்கிறது என்று பதியணும் என்றால் கை வலிக்கும், கண்ணும் தப்பு பண்ணும். அதனால் லேப் சப்ளைகளின் பின்பக்கம் யுஎஸ்பி, ஈதர்நெட், ஆர்எஸ்-232, ஜிபிஐபி என்று ஏதாவது ஒரு வாசல் இருக்கும். அதன் வழியே கம்ப்யூட்டர் ஒரு வரி எழுத்தை அனுப்பும், கருவி கேட்கும்.

இதன் வரலாறு சுருக்கமானது. ஹெச்பி நிறுவனம் தன் கருவிகளை இணைக்க உருவாக்கிய கேபிள் முறை 1975இல் ஐஇஇஇ 488 என்ற தரமாக ஆனது. ஜிபிஐபி என்கிறோமே, அதுதான். ஆனால் அது கம்பியையும் சிக்னலையும்தான் ஒழுங்குபடுத்தியது. அதில் என்ன பேசுவது என்பது அவரவர் இஷ்டம். பழைய ஹெச்பி சப்ளைகள் சிலவற்றில் 'விசெட்' என்று அனுப்பணும், வேறு கம்பெனி என்றால் வேறு சொல். கருவியை மாற்றினால் புரோகிராமையே மாற்றி எழுத வேண்டிய நிலை. 1987இல் வந்த ஐஇஇஇ 488.2 இலக்கணத்தையும், எல்லாக் கருவிக்கும் பொதுவான சில கட்டளைகளையும் வகுத்தது. 1990இல் அதன் மேல் கட்டிய சொல்லகராதிதான் 'ஸ்டாண்டர்ட் கமாண்ட்ஸ் ஃபார் புரோகிராமபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்'. அதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து லேபில் 'ஸ்கிப்பி' என்பார்கள். இன்று யுஎஸ்பியில் பேசினாலும் ஈதர்நெட்டில் பேசினாலும் உள்ளே ஓடுவது அதே எழுத்துதான்.

முதல் கேள்வி: 'நீ யார்?'

எந்தக் கருவியோடும் பேச்சைத் தொடங்கும் வரி '*ஐடிஎன்?'. நட்சத்திரம் போட்டு ஆரம்பிப்பவை எல்லாக் கருவிக்கும் பொதுவான கட்டளைகள். கேள்விக்குறியில் முடிந்தால் பதில் வரும், இல்லையென்றால் வராது. இந்த விதியை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

பதிலில் காற்புள்ளியால் பிரித்த நான்கு துண்டுகள் வரும்: தயாரிப்பாளர், மாடல், சீரியல் எண், உள்ளே இருக்கும் ஃபர்ம்வேர் பதிப்பு. பல லேப்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் இ3631ஏ என்ற மூன்று அவுட்புட் சப்ளை இதற்கு 'ஹியூலெட்-பேக்கார்ட்' என்று பதில் சொல்லி, சீரியல் எண் இடத்தில் 0 போடும். அந்தப் பிரிவு 1999இல் ஏஜிலன்ட் ஆகி, 2014இல் கீசைட் ஆகிவிட்டது. கருவிக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை. ஸ்டேஷனில் இருக்கும் கருவிகளைச் சீரியல் எண் வைத்துப் பிரித்தறிகிற ஸ்கிரிப்ட் எழுதப் போகிறீர்கள் என்றால், இந்த 0 உங்களைக் கவிழ்க்கும்.

அடுத்தது '*ஆர்எஸ்டி'. கருவியை அதன் தொடக்க நிலைக்குக் கொண்டுபோகும், அவுட்புட்டை அணைத்துவிடும். நேற்று இரவு ஷிஃப்டில் யாரோ 12 வோல்ட் வைத்துவிட்டுப் போயிருக்கலாம். அதைச் சுமந்துகொண்டு நீங்கள் ஆரம்பிக்க வேண்டாம். கூடவே '*சிஎல்எஸ்', பழைய பிழைக் குறிப்புகளைத் துடைக்கும்.

இலக்கணம் என்னவென்றால்

கட்டளைகள் ஒரு மரம் மாதிரி. வேரிலிருந்து கிளைக்கு இறங்கும்போது நடுவில் முக்காற்புள்ளி வரும். 'சோர்ஸ்:வோல்டேஜ் 3.3' என்றால், கருவி வெளியே தரும் பகுதியில் வோல்டேஜ் என்ற கிளைக்குப் போய் 3.3 வை என்று அர்த்தம். பவர் சப்ளையின் முழுநேர வேலையே வெளியே தருவதுதான் என்பதால் பெரும்பாலான மாடல்களில் 'சோர்ஸ்' என்ற சொல்லை விட்டுவிடலாம், 'வோல்டேஜ் 3.3' போதும். கட்டளைக்கும் எண்ணுக்கும் நடுவில் ஒரு இடைவெளி கட்டாயம். கேள்விக்குறி மட்டும் ஒட்டித்தான் வரணும்.

ஒவ்வொரு சொல்லுக்கும் முழு வடிவம் ஒன்று, சுருக்க வடிவம் ஒன்று உண்டு. ஆங்கில எழுத்தில் முதல் நான்கு எழுத்து சுருக்கம். அந்த நான்காவது எழுத்து உயிரெழுத்தாக இருந்தால் மூன்றோடு நிறுத்த வேண்டும். அதனால் வோல்டேஜுக்கு வி-ஓ-எல்-டி, எரருக்கு இ-ஆர்-ஆர். முழுசாக எழுதினாலும் ஏற்கும், சுருக்கினாலும் ஏற்கும், நடுவில் ஓரிடத்தில் நிறுத்தினால் ஏற்காது. பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று கவலைப்பட வேண்டாம், இரண்டும் ஒன்றுதான்.

அப்படி ஒன்றென்பதால் ஒரு வேடிக்கை உண்டு. அளவோடு அலகையும் சேர்த்து அனுப்பலாம். 'எம்வி' என்றால் மில்லிவோல்ட். 'எம்' என்பது சின்னதோ பெரிசோ, மில்லிதான். மெகா வேண்டுமென்றால் 'எம்ஏ' என்று முன்னால் போட வேண்டும். ஆனால் ஹெர்ட்ஸுக்கும் ஓமுக்கும் முன்னால் வந்தால் மட்டும் 'எம்' மெகா ஆகிவிடும். தரம் எழுதியவர்கள் பழக்கத்துக்கு விட்டுக்கொடுத்த இடம் அது. என் யோசனை: அலகே போடாதீர்கள். வெறும் எண் அனுப்பினால் வோல்ட், ஆம்பியர் என்றே எடுத்துக்கொள்ளும்.

ஒரே வரியில் பல கட்டளை அனுப்ப நடுவில் அரைப்புள்ளி. நிறையப் பேர் வழுக்குவது இங்கேதான்:

சோர்ஸ்:வோல்டேஜ் 3.3;கரண்ட் 0.5;அவுட்புட் ஆன்

பார்க்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அரைப்புள்ளிக்குப் பிறகு கருவி வேருக்குத் திரும்பாது, கடைசியாக நின்ற கிளையிலேயே நிற்கும். 'கரண்ட்' சோர்ஸுக்குள் இருப்பதால் தப்பித்தது. 'அவுட்புட்' அங்கே இல்லை, அது வேரிலிருந்து தனியாகக் கிளம்பும் கிளை. 'சோர்ஸ்:அவுட்புட்' என்று தேடிப் பார்த்து, கிடைக்காமல், -113 என்ற எண்ணுள்ள பிழையைக் குறித்துக்கொள்ளும். அப்படி ஒரு தலைப்பே இல்லை என்பது அதன் பொருள். சரியான வரி இது:

சோர்ஸ்:வோல்டேஜ் 3.3;கரண்ட் 0.5;:அவுட்புட் ஆன்

அரைப்புள்ளிக்குப் பின்னால் ஒரு முக்காற்புள்ளி. 'வேருக்குப் போ' என்று அர்த்தம்.

வரியின் முடிவில் 'நியூலைன்' எழுத்து போக வேண்டும். அது போகாவிட்டால் நீங்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை என்று கருவி காத்திருக்கும். கருவி பதில் சொல்லும் என்று நீங்கள் காத்திருப்பீர்கள். புதிதாகச் சேர்பவர்கள் பார்க்கும் டைம்-அவுட்களில் நிறைய இந்த ரகம்தான்.

பிழை நடந்தால் யார் சொல்வார்கள்?

யாரும் சொல்ல மாட்டார்கள். இந்த மொழியில் ரொம்ப ஆபத்தான விஷயம் இதுதான்.

கேள்விக்குறி இல்லாத கட்டளைக்குப் பதில் கிடையாது என்று மேலே பார்த்தோம். கட்டளை தப்பாக இருந்தாலும் பதில் கிடையாது. சில மாடல்கள் ஒரு 'பீப்' அடிக்கும், முன்பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு எரியும். ஆனால் உங்கள் ஸ்கிரிப்டுக்குக் காது இல்லை, அது அடுத்த வரிக்குப் போய்விடும்.

ஒரு உதாரணம். சோதனை அளவுகள் ஒரு எக்செல் ஷீட்டில் இருக்கின்றன. முதல் வரி 12. அது 12 வோல்ட் போர்டுக்கு. அடுத்த வரியில் யாரோ கையால் '3.3 வோல்ட்ஸ்' என்று பன்மையில் அடித்துவிட்டார்கள். ஸ்கிரிப்ட் அதை அப்படியே அனுப்புகிறது. அந்த அலகு கருவிக்குத் தெரியாது. -131, செல்லாத அலகு என்று தன் பட்டியலில் எழுதிக்கொண்டு கட்டளையை ஒதுக்கிவிடும். பழைய அளவு மாறாது. அடுத்த வரி 'அவுட்புட் ஆன்'. 3.3 வோல்ட் போர்டுக்குள் 12 வோல்ட் போகிறது. அப்புறம் வாசனைதான் சொல்லும்.

இதற்கு மருந்து 'சிஸ்டம்:எரர்?'. கருவி தன் பிழைகளை வந்த வரிசைப்படி அடுக்கி வைத்திருக்கும், ஒரு தடவை கேட்டால் ஒன்றைத்தான் தரும். அதனால் 0, பிழை இல்லை என்று வரும்வரை திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். எண்ணைப் பார்த்தே வகை தெரிந்துவிடும். -100களில் இருந்தால் இலக்கணப் பிழை. -200களில் இருந்தால் புரிந்தது, செய்ய முடியவில்லை. உதாரணமாக -222, கேட்ட அளவு எல்லைக்கு வெளியே. -300கள் கருவியின் சொந்தப் பிரச்சினை. -400கள் கேள்வி-பதில் குழப்பம்: ஒரு கேள்வியின் பதிலைப் படிக்காமல் அடுத்ததை அனுப்பினால் -410, கேட்காமலே பதிலுக்குக் கை நீட்டினால் -420.

அளவை வைத்த பிறகு, அவுட்புட்டைத் திறப்பதற்கு முன், இந்தக் கேள்வியைக் கேளுங்கள். 0 வரவில்லை என்றால் நிறுத்துங்கள். ஸ்கிரிப்ட் கொஞ்சம் மெதுவாகும், பரவாயில்லை.

வரிசைக்கும் மரியாதை உண்டு. முதலில் கரண்ட் எல்லை, பிறகு வோல்டேஜ், பிறகு பாதுகாப்பு எல்லை, கடைசியில்தான் 'அவுட்புட் ஆன்'. பாதுகாப்பு எல்லை என்பது 'வோல்டேஜ்:புரொடெக்‌ஷன் 3.8' மாதிரி ஒரு வரி. அதைத் தாண்டினால் சப்ளை தானே அணைந்துவிடும். எல்லா மாடலிலும் இந்த வசதி கிடையாது, மேலே சொன்ன இ3631ஏயில் இல்லை. அந்த மாடலில் இன்னொன்றையும் கவனியுங்கள். எந்த அவுட்புட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களோ, அடுத்து வரும் 'வோல்டேஜ்' கட்டளைகள் எல்லாம் அதற்கே போகும். ஆனால் 'அவுட்புட் ஆன்' மட்டும் மூன்றையும் சேர்த்துத் திறந்துவிடும்.

'வோல்டேஜ்?' வேறு, 'மெஷர்:வோல்டேஜ்?' வேறு

இப்போது அந்த சிஎஸ்வி ஃபைலுக்கு வருவோம். 'வோல்டேஜ்?' என்று கேட்டால் கிடைப்பது நீங்கள் வைத்த அளவு. 'மெஷர்:வோல்டேஜ்?' என்று கேட்டால்தான் கருவி தன் உள்ளிருக்கும் அளவியை வைத்துப் பார்த்துச் சொல்லும். ஓட்டலில் பில்லைப் பார்த்து என்ன ஆர்டர் கொடுத்தோம் என்று படிப்பதற்கும், தட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

எல்லாம் சரியாக நடக்கும்வரை இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும், அதனால்தான் இந்தத் தப்பு மாதக்கணக்கில் ஒளிந்திருக்கிறது. பிரச்சினை வருகிற அன்றுதான் இரண்டும் பிரியும். உங்கள் கரண்ட் எல்லை 0.1 ஆம்பியர், போர்டில் ஏதோ ஷார்ட் ஆகி 0.5 ஆம்பியர் இழுக்கப் பார்க்கிறது என்று வையுங்கள். சப்ளை 0.1-க்கு மேல் விடாது, அதற்காக வோல்டேஜைக் கீழே இறக்கும். வெளியே 1 வோல்ட்கூட இல்லாமல் போகலாம். அப்போதும் 'வோல்டேஜ்?' என்ற கேள்விக்குப் பதில் 3.3தான். எந்தப் போர்டு கெட்டது என்று கண்டுபிடிக்க வைத்த சோதனை, கெட்ட போர்டு வரும்போது மட்டும் பொய் சொல்கிறது.

அந்தச் சோதனைக்கூடம் ஸ்கிரிப்டைத் திருத்திய பிறகு எடுத்த ஃபைலையும் பார்த்தேன். 3.297, 3.301, 3.299 என்று எண்கள் உயிரோடு இருந்தன. சில வரிகளில் 2.8. இதே மாதிரிப் போர்டுகள் முந்தைய ஃபைலிலும் இருந்திருக்கணும். அவை எல்லாம் 'பாஸ்' முத்திரையோடு வெளியே போய்விட்டன.

'மெஷர்' போட்டால் போதுமா? பாதி போதும். சப்ளை அளப்பது தன் முனையில், போர்டு இருப்பது வயரின் மறுமுனையில். போய்வரும் வயருக்கு மொத்தம் 0.1 ஓம் தடை, 2 ஆம்பியர் ஓடுகிறது என்றால் வழியிலேயே 0.2 வோல்ட் போய்விடும். சப்ளை 3.3 என்று சொல்லும், போர்டு பார்ப்பது 3.1. இதற்காகத்தான் நல்ல சப்ளைகளில் 'சென்ஸ்' என்று இரண்டு கூடுதல் முனைகள் இருக்கும். அவற்றைப் போர்டு வரைக்கும் இழுத்துக் கட்டினால் அங்கே இருப்பதை அளந்து சரிசெய்யும். இதை எந்தக் கட்டளையாலும் ஈடுகட்ட முடியாது, வயர் கட்டித்தான் ஆகணும்.

நேரமும் ஒரு விஷயம். '*ஓபிசி?' என்று கேட்டால், கொடுத்த வேலை முடிந்ததும் கருவி 1 என்று சொல்லும். பல சப்ளைகளில் அதன் பொருள் கட்டளையைச் செயல்படுத்தியாயிற்று என்பது மட்டுமே. அவுட்புட்டில் வோல்டேஜ் நிலைத்து நிற்க இன்னும் கொஞ்சம் மில்லிசெகண்ட் ஆகலாம். மேனுவலில் அந்த நேரம் இருக்கும், அதற்குக் காத்திருந்து அளங்கள்.

யார் வேண்டுமானாலும் பேசலாமா?

ஈதர்நெட்டில் இணைத்தால், பெரும்பாலும் ஆம். பல கருவிகள் 5025 என்ற போர்ட்டைத் திறந்துவைத்துக் காத்திருக்கும். அதில் யூசர்நேம் இல்லை, பாஸ்வேர்டு இல்லை. அதே நெட்வொர்க்கில் இருக்கும் எந்த லேப்டாப்பிலிருந்தும் 'வோல்டேஜ் மேக்ஸ்' என்று ஒரு வரி அனுப்பினால் சப்ளை தன் உச்ச அளவுக்குப் போய்விடும். இந்த மொழி பிறந்த காலத்தில் கருவிகள் ஒரே மேசையில், 20 மீட்டருக்குள் கேபிளால் கட்டப்பட்டிருந்தன. உள்ளே வந்தவர் எல்லாம் நம்மவர் என்ற எண்ணத்தில் எழுதியது. ஆபீஸ் வைஃபையும் லேப் கருவியும் ஒரே நெட்வொர்க்கில் இருந்தால் இன்றைக்கே ஐடி டீமிடம் பேசுங்கள்.

உங்கள் ஸ்கிரிப்டே பாதியில் செத்துப்போனாலும் இதே கவலைதான். பைத்தான் நின்றுவிடும், அவுட்புட் நிற்காது. பேட்டரி சார்ஜ் சோதனையில் இதை யோசித்துப் பாருங்கள். 'ஃபைனலி' பகுதியில் 'அவுட்புட் ஆஃப்' இல்லாத ஸ்கிரிப்டை ஓடவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். லேப்டாப்பே அணைந்துவிட்டால் அதுவும் உதவாது. கீசைட்டின் என்6700 மாதிரி சிலவற்றில் 'வாட்ச்டாக்' இருக்கிறது, குறிப்பிட்ட நேரம் கம்ப்யூட்டரிடமிருந்து பேச்சே வரவில்லை என்றால் தானே அணைந்துகொள்ளும்.

எங்கே ஆரம்பிப்பது?

பைத்தான் தெரியும் என்றால் 'பைவிசா' என்ற இலவச நூலகம் இருக்கிறது. கருவியின் முகவரியைக் கொடுத்துத் திறந்து, பதில் வேண்டாத கட்டளைக்கு 'ரைட்', கேள்விக்கு 'குவெரி', இந்த இரண்டும் போதும். 'பைவிசா-பை' என்ற துணைத் தொகுப்பைச் சேர்த்தால் கம்பெனிகளின் கனமான டிரைவர்களைப் போட வேண்டியதில்லை.

சொந்தமாக ஒரு சப்ளை வாங்க நினைத்தால் ஒரு எச்சரிக்கை. விலை குறைந்த மாடல்களில் 'கம்ப்யூட்டர் இணைப்பு உண்டு' என்று போட்டிருப்பது எல்லாம் ஸ்கிப்பி அல்ல. வீட்டு வொர்க்பெஞ்சுகளில் பிரபலமான கோராட் கேஏ3005பி 'விசெட்1:5.00' என்று எதிர்பார்க்கும். '*ஐடிஎன்?' கேட்டால் காற்புள்ளி எதுவும் இல்லாமல் ஒரே சரமாகப் பெயரையும் பதிப்பையும் ஒட்டித் தரும். மோசமான கருவி இல்லை, மொழிதான் வேறு. வாங்கும் முன் மேனுவலின் பிடிஎஃப்பை இறக்கி, கட்டளைப் பக்கத்தில் 'மெஷர்', 'சிஸ்டம்:எரர்?' இரண்டும் இருக்கிறதா என்று தேடிப்பாருங்கள்.

கருவியே இல்லை என்றாலும் பழகலாம். 'பைவிசா-சிம்' என்ற இன்னொரு தொகுப்பு, இல்லாத கருவியை இருப்பதாக நடிக்கும். எந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று ஒரு ஃபைலில் எழுதிக் கொடுத்தால் அப்படியே பேசும். வேண்டுமென்றே தப்பான பதில்களை அதில் எழுதி வைத்து, உங்கள் ஸ்கிரிப்ட் நிற்கிறதா ஓடுகிறதா என்று பாருங்கள். அங்கே எரிவதற்கு எந்தப் போர்டும் இல்லை.